யார் இந்த சுப்பாராவ்? நீல நிறத்தை வைத்து பாஸ்பேட்டை அளந்தவர்

பாலக்காடு சித்தூரில் காலையில் இறக்கிய கள் மதியத்துக்குள் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீங்க. ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கிறது. உள்ளே நொடிக்கு நொடி பாஸ்பேட் கைமாறுகிறது. இதை எப்படி அளப்பது? வழி சொன்னவர்களில் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். போய் எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் 1925-ல் வெளியிட்ட முறை எளிது. அமிலம் ஊற்றி செல்லை நிறுத்தணும் (ஆமா, கொன்றுதான்), மாலிப்டேட் சேர்க்கணும். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். தசைச் சாற்றில் மட்டும் நீலம் தாமதமாக வந்தது. துருவியபோது 1927-ல் பாஸ்போகிரியாட்டின் சிக்கியது. 1929-ல் ஏடிபி. அப்பவும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். 1948-ல், 53 வயதில் இறந்தார். ஈஸ்ட் ஆய்வுக் கட்டுரையில் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று கண்டால், இவர்தான் அவர்.