சாம்பல் நிற டிராக்டரும் ஒரு கைகுலுக்கலும்

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தகர்த்தன. உள்நாட்டிலேயே கூடுதலாகத் தானியம் விளைவிக்க வேண்டிய நெருக்கடி எழுந்தது. அயர்லாந்தில் அரசின் டிராக்டர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு 1917-இல் ஹாரி ஃபெர்குசனிடம் வந்தது.

1884-இல் டவுன் மாவட்டத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்த அவருக்குப் பண்ணை வேலை பிடிக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணனின் பழுதுபார்க்கும் கூடத்தில் தொழில் பழகினார். 1909 டிசம்பர் 31 அன்று, தாமே கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் வானேறிய முதல் மனிதர் ஆனார். வெறுத்து விலகிய வயலுக்கு அவரைத் திரும்ப அழைத்துவந்தது போர்தான்.

அங்கே அவர் கண்டவை கனத்த இயந்திரங்கள். அவற்றின் பின்னால் வண்டியில் மாடு பூட்டியதுபோல் கட்டி இழுக்கப்பட்ட கலப்பைகள். அதே ஆண்டில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்சன் விலையில் மலிவு, உழைப்பில் உறுதி. எனினும் கொழு மண்ணுக்குள் பாறையில் சிக்கினால், பின்சக்கரம் உருள வழியின்றி நிற்க, எஞ்சினின் விசை வண்டியின் முன்பகுதியைத் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழ்த்துவிடும். உழவர் பலர் அவ்வாறு உயிரிழந்தனர்.

மற்றவர்கள் வண்டியின் எடையைக் கூட்டித் தீர்வு தேடினர். கனம் கூடினால் விலை கூடும், எரிபொருள் கூடும், மண்ணும் இறுகும். ஃபெர்குசன் கலப்பையையும் டிராக்டரையும் ஒரே இயந்திரமாக எண்ணினார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகளால் கலப்பையைப் பிணைத்தார். மண்ணின் எதிர்ப்பு மேற்கையின் வழியே முன்னோக்கித் தள்ளி வண்டியின் முகப்பை அழுத்திப் பிடிக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் தரும். பாறையில் மோதினால் சக்கரங்கள் பிடியிழந்து வெறுமனே சுழலும்; வண்டி எழாது. உழவின் ஆழத்தை ஹைட்ராலிக் அமைப்பு தானே சீர்செய்துகொள்ளும். எடையைக் கூட்டாமல் இழுவிசையைக் கூட்டிய இந்த அமைப்பைச் செலவுக் கணக்கு பார்க்கும் எவரும் வியக்காமல் இருக்க முடியாது.

1938-இல் மிச்சிகனில் ஃபோர்டின் பண்ணையில் அதை இயக்கிக் காட்டினார். இருவரும் ஒப்பந்தத்தாள் ஏதுமின்றிக் கைகுலுக்கிப் பிரிந்தனர். அடுத்த ஆண்டே 9என் டிராக்டர் வெளிவந்தது. 1947-இல் ஃபோர்டு இறந்தார். நிறுவனத்தை ஏற்றிருந்த பேரன் அந்த உறவை முறித்து, அதே அமைப்புடன் வேறொரு டிராக்டரை விற்கத் தொடங்கினார். ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. ஒப்பந்தங்களின் பொருளியலை வகுப்பில் நடத்தியபோதெல்லாம் இந்த வழக்கு எனக்குக் கைகொடுத்தது. நம்பிக்கை ஒப்பந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது. அதற்கு வாரிசுரிமை மட்டும் கிடையாது.

வழக்கு நடக்கும்போதே அவர் பிரிட்டனில் வேரூன்றிவிட்டார். போரில் விமான எஞ்சின்கள் செய்த கவென்ட்ரி ஆலையில், 1946-இல் டிஇ20 உற்பத்தி தொடங்கியது. அந்தச் சிறிய சாம்பல் நிற வண்டி 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரி 1958-இல் தென்துருவத்தை அடைந்ததும் இந்த வகை டிராக்டர்களில்தான்.

உணவின் விலை குறைந்தாலொழிய வறுமை தீராது, அதற்குக் கருவிகளின் விலை முதலில் இறங்க வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதிட்டார். குதிரைகளின் தீவனத்துக்காக ஒதுக்கிய நிலம் மனிதருக்கு விளைவிக்கட்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியே. ஆயினும் ஏர்பிடித்துக் கூலி பெற்றவன் அதில் எந்த வரியிலும் வருவதில்லை. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை. ஆலைகள் கூலியாட்களை ஈர்த்த பிரிட்டனில் அந்த விடுபடல் பெரிதாகத் தெரியவில்லை. மாற்றுவேலை அரிதான நாடுகளில் தெரியும்.

1953-இல் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி-ஹாரிஸுடன் இணைத்தார். விலையில் பத்து லட்சம் டாலர் வேறுபாடு எழ, நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள், தோற்றவர் ஃபெர்குசன். ஓராண்டில் அங்கிருந்தும் விலகினார். 1960 அக்டோபரில் மறைந்தார். அதே ஆண்டில்தான் மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று தஞ்சை வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்தில், எந்த நிறுவனம் செய்ததாயினும், அந்த மூன்று கைகள் இருக்கின்றன.