தொரப்பள்ளி இராஜாஜி: கதரும் சந்தையும்

குந்தாரப்பள்ளி வழியே ஓசூர் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதி இன்று ஆலைகளால் அறியப்படுகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் இராஜாஜி. 1925-இல் அவர் திருச்செங்கோட்டருகே நிறுவிய காந்தி ஆசிரமத்தில், வறண்ட ஊர்ப் பெண்கள் நூற்ற நூலுக்குக் கூலி கிடைத்தது. அவ்வுழைப்பே கதர் என்னும் தேசியப் பண்பாட்டுப் பொருளாக விலைபோயிற்று. சந்தையை அவர் உழைப்பவர் பக்கம் நின்று கண்ட காலம் அது.

முதலமைச்சராக 1953-இல் அவர் கொணர்ந்த கல்வித் திட்டமோ பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் சிறாரைக் குடும்பத் தொழில் பயிலச் சொன்னது. எதிர்ப்பு வலுக்க, 1954-இல் பதவி விலகினார்; காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, உரிம முறையிலிருந்து தொழில்முனைவோர்க்கு விடுதலை கோரினார். உழைப்பாளியின் மகனுக்கு அளிக்க முன்வராத தெரிவுரிமையை வணிகனுக்குக் கேட்டார் என்பதே இவ்வாய்வின் துணிபு.

1972-இல் மறைந்தார். அவர் விரும்பிய சந்தை 1991-க்குப் பின் வந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையை அமைத்ததோ சிப்காட் என்னும் அரசு நிறுவனம்.