யோகான் கெரார்டு கோனிக்

யோகான் கெரார்டு கோனிக் (நவம்பர் 29, 1728 – ஜூன் 26, 1785) தரங்கம்பாடியில் பணியாற்றிய மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். தென்னிந்தியக் கறையான்களின் உருவத்தையும் வாழ்க்கை முறையையும் ஆராய்ந்து 1779 இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். கறிவேப்பிலை மரத்தின் அறிவியற் பெயரில் உள்ள கோனிகீ என்னும் சொல் இவரைக் குறிப்பதாகும்.

வாழ்க்கை

இன்றைய லாத்வியாவில் அடங்கிய லிவோனியாப் பகுதியில் பிறந்தார். 1757 இல் சுவீடனைச் சேர்ந்த கரோலஸ் லின்னேயசிடம் மாணவராகப் பயின்றார். பின்னர் டென்மார்க்கில் வாழ்ந்தபோது ஐஸ்லாந்தின் தாவரங்களை ஆராய்ந்தார். 1768 இல், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1774 இல் ஆற்காடு நவாபிடமும், 1778 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியிலும் பணியேற்றார். 1778 முதல் 1780 வரை சியாம், மலாக்கா ஆகிய இடங்களுக்குப் பயணம் செய்து தாவரங்களைச் சேகரித்தார்.

கறையான் ஆய்வு

ஐரோப்பியர் கறையானை வெள்ளை எறும்பு என அழைத்தனர். கோனிக் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அதனை வெள்ளை எறும்பு எனப்படுவது என்று குறிப்பிட்டார். இக்கட்டுரை பெர்லின் இயற்கை ஆய்வாளர் கழகத்தின் இதழில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கறையான் எறும்பினம் அன்று; கரப்பான் பூச்சிகளின் கிளையைச் சேர்ந்தது என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது.

புற்றினுள் வளரும் பூஞ்சையைக் கண்டு, அது இளம் கறையான்களுக்கு உணவாகலாம் என அவர் கருதினார். கறையான்கள் தாம் தின்ற மரத்துகள், சருகு ஆகியவற்றின் எச்சத்தால் கடற்பஞ்சு போன்ற அடைகளை அமைத்து, அவற்றின் மீது பூஞ்சையை வளர்க்கின்றன. மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் புற்றுக்காளான் இப்பூஞ்சையினுடையதே. இப்பேரினத்துக்கு 1942 இல் டெர்மிடோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது.

மக்களின் வழக்கங்களையும் கோனிக் பதிவு செய்தார். ஈசல் பறக்கும் முன் புற்றில் இரண்டு துளைகள் இடப்படும். காற்று வீசும் பக்கத்துத் துளையில் புகை மூட்டப்படும். மறுபக்கத்தில் மணமுள்ள தழை தேய்த்த பானை வைக்கப்படும். புகைக்கு அஞ்சி வெளியேறும் ஈசல்கள் பானைக்குள் விழும். இவற்றை மாவுடன் சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகள் உண்டனர். அளவுக்கு மீறி உண்டோருக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு வந்ததாகவும் அவர் எழுதினார். முதியோரின் உடல் வலுப்பெறக் கறையான் அரசியை உயிருடன் உண்ணக் கொடுத்தனர் என்பதும் அவரது குறிப்புகளில் ஒன்றாகும்.

1781 இல் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி என்றி சிமீத்மன் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை பெரும் புகழ் பெற்றது. கோனிக்கின் ஆய்வு அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையதாகும்.

பிற பங்களிப்புகள்

கோனிக் சேகரித்த பூச்சிகள் பலவற்றை லின்னேயசின் மற்றொரு மாணவரான யோகான் கிறித்தியன் பாப்ரீசியஸ் விவரித்துப் பெயரிட்டார். பருத்திக் காய்களில் கறை உண்டாக்கும் சிவப்புப் பூச்சி, கோனிக்கின் நினைவாக டிஸ்டெர்கஸ் கோனிகீ எனப் பெயர் பெற்றது.

இறப்பு

கல்கத்தாவை நோக்கிச் செல்லும் வழியில் வயிற்றுக்கடுப்பால் பாதிக்கப்பட்டு, காக்கிநாடாவை அடுத்த ஜெகந்நாதபுரத்தில் தமது 56 ஆவது அகவையில் காலமானார். இறுதி நாட்களில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இவருக்கு மருத்துவம் பார்த்தார். கோனிக்கின் கையெழுத்துப் படிகள் அவர் விருப்பப்படி லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்சைச் சென்றடைந்தன.