கிரேக்கப் பேராசானிடம் தமிழாய்ந்த கைலாசபதி

பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கோலாலம்பூரிற் பிறந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையிற் பட்டம் பெற்றார். பின்னர் தினகரன் நாளிதழின் ஆசிரியராகி, ஈழத்து இளம் எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்துக் கொடுத்தார்.

1960களில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக அவர் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் ஆசானாகக் கொண்டவர் தமிழறிஞர் அல்லர். கிரேக்கப் பேராசிரியரான ஜோர்ஜ் தொம்சன். அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவு மக்களோடு பழகி ஐரிஷ் மொழியைக் கற்று, அம்மொழி வாயிலாகவே கிரேக்கம் கற்பித்தவர் தொம்சன். எழுத்தறியா மாந்தரின் நாவில் வாழும் கவிதையைக் கேட்டே ஹோமரின் காவியங்களை அவர் புரிந்துகொள்ள முயன்றார்.

அக்காலத்தில் ஹோமர் ஆய்வு புதிய திசையிற் சென்றுகொண்டிருந்தது. அமெரிக்கரான மில்மன் பரி, இலியட், ஒடிசி ஆகியவற்றில் வீரர்களின் பெயரோடு மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகளை ஆராய்ந்து 1928இல் பாரிசில் தம் ஆய்வை வெளியிட்டார். அடியில் எஞ்சியுள்ள இடத்தின் அளவுக்கேற்பவே பாடகன் அடைமொழியைத் தெரிந்தெடுக்கிறான் என அவர் காட்டினார். 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியக் கிராமியப் பாடகரின் பாடல்களைப் பதிவுசெய்து, இம்முறை அன்றும் வாழ்ந்ததை நேரிற் கண்டார். மூல மொழியின் யாப்போசையை அறிந்தவர்க்கே இவ்வுண்மை புலப்படும். மொழிபெயர்ப்பிற் படிப்பவருக்கு அவ்வடைமொழிகள் வெறும் கூறியது கூறலாகவே தோன்றும்.

கைலாசபதி இவ்வளவுகோலைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். பல புலவர் பாடல்களில் ஒரே தொடர்கள் மீள வருவதை, ஒருவர் மற்றவரை எடுத்தாண்டதாகக் கொள்ளாது, பாணர் மரபின் பொதுச் செல்வமாக அவர் விளக்கினார். துறைகளையும் அம்மரபின் கட்டமைப்பாகவே கண்டார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கில நூலாக வெளிவந்து, தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் மரபுகளோடு சமமாக நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஒப்பியல் இலக்கியம் என்னும் தமிழ் நூலைத் தந்தார்.

அவருடைய முடிபுகளை எல்லோரும் ஏற்றாரல்லர். பாணர் மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் யாத்தவையே அப்பாடல்கள் என அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். எனினும், அவ்விவாதமே சங்க இலக்கியத்தை உலக அரங்கிற் பேசுபொருளாக்கிற்று.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்கு முதல் தலைவரானார். 1982 டிசம்பர் 6ஆம் நாள், ஐம்பது வயதும் நிறையுமுன், அவர் மறைந்தார்.

டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் வாழும் எமக்கு அவர் வாழ்வு ஒன்றை நினைவூட்டுகின்றது. எம் பிள்ளைகள் புறநானூற்றை ஆங்கிலத்திற் படித்துப் பொருளை அறிந்துகொள்வர். ஆனால் பாணன் தொடுத்த ஓசையை அவர்கள் கேளார். ஹோமருக்காகக் கிரேக்கம் கற்போர் இன்றும் உலகெங்கும் உளர். எம் வீட்டு மொழியை எம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் நாம் ஒதுக்குதல் வேண்டும்.