உண்ணியைத் தேடிப் போன டாக்டர்

எங்க வீட்ல பதினோரு செம்மறி ஆடு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனா நானும் அப்பத்தாவும் ஆட்டுக் காதுல, தொடை இடுக்குல உண்ணி பிடுங்குவோம். ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதை மாதிரி உப்பி இருக்கும். அதைக் கல்லுல வச்சு நகத்தால நசுக்குறது எனக்கு விளையாட்டு. டப்புனு வெடிக்கும். இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். அறிவியல் டீச்சர் சிரிக்கவில்லை. ரிக்கெட்ஸ் என்பவரைப் பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் 1871-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1906-இல் மொன்டானா மாநிலத்துக்குப் போனார்.

அங்கே பிட்டர்ரூட் என்று ஒரு பள்ளத்தாக்கு. வருஷா வருஷம் பனி உருகும் காலத்தில் ஒரு காய்ச்சல் வரும். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்தப் பள்ளத்தாக்கில் அது வந்தால் பத்தில் ஏழு பேராவது செத்துப்போவார்களாம்! மலையில் உருகி வரும் தண்ணீரைக் குடிப்பதால்தான் வருகிறது என்று ஜனங்க நம்பினாங்க. உண்ணி மேலே சில பேருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் யாரும் நிரூபிக்கவில்லை.

ரிக்கெட்ஸ் நோயுள்ள ஒரு கினிப் பன்றி மேல் உண்ணியைக் கடிக்க விட்டார். பிறகு அதே உண்ணியை எடுத்து நல்லா இருக்கிற இன்னொரு கினிப் பன்றி மேல் விட்டார். அதுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சோதனை பாருங்க! ஆனா அந்த உண்ணி கை தவறி அவர் மேலே ஏறியிருந்தா?

அந்த உண்ணி வளர்ந்த பிறகு குதிரை, மாடு, செம்மறி ஆடு, மனுஷன் என்று எது கிடைத்தாலும் கடிக்கும். 1909-இல் அவர் இன்னொன்றையும் எழுதினார். நோயாளியின் ரத்தத்திலும் உண்ணிக்குள்ளும் மிகச் சின்ன பாக்டீரியாவைப் பார்த்தார். உண்ணியின் முட்டைக்குள்ளும் அது இருந்தது! அதாவது குஞ்சு யாரையும் கடிக்கும் முன்னாலேயே அம்மாவிடமிருந்து கிருமி வந்துவிடுகிறது. எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது இந்த இடம்தான்.

ஆனால் அந்தக் கிருமி ஆய்வகத் தட்டில் வளரவே இல்லை. இன்னொரு உயிரின் செல்லுக்குள் மட்டுமே அது வளரும் என்று இப்போது நமக்குத் தெரியும். அவர் அதுக்குப் பேர்கூட வைக்கவில்லை. நானா இருந்தா உடனே என் பேரை வச்சிருப்பேன்.

மொன்டானாவில் ஆராய்ச்சிக்குப் பணம் வரத் தாமதமானது. அதனால் டைபஸ் காய்ச்சலை ஆராய வைல்டர் என்பவருடன் மெக்சிகோ நகரத்துக்குப் போனார். அது பேன் மூலமாகப் பரவுகிறது என்று அங்கே கண்டார்கள். பேனுக்குள்ளும் அதே மாதிரிக் கிருமி. அந்த டைபஸ் அவருக்கே வந்துவிட்டது. 1910 மே 3-ஆம் தேதி இறந்துபோனார். வயசு 39. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து ப்ரொவாசெக் என்ற விஞ்ஞானியும் டைபஸை ஆராயும்போது அதே நோயால் இறந்தார். 1916-இல் டா ரோச்சா லிமா என்பவர் டைபஸ் கிருமிக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ரிக்கெட்சியா ப்ரொவாசெக்கி என்று வைத்தார். மறு வருஷமே செம்மறி ஆட்டின் ரோமத்துக்குள் ரத்தம் குடித்து வாழும் இறக்கை இல்லாத ஒரு ஈயின் வயிற்றிலும் கிருமி கண்டுபிடித்தார்கள். அதுக்கும் ரிக்கெட்சியா என்றுதான் பேர் வைத்தார்கள். இப்போது அதை பார்டொனெல்லா என்ற வேறு கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இதையெல்லாம் வீட்ல சொன்னேன். வயித்துல கிருமி இருந்தா அந்தப் பூச்சிக்கு வலிக்காதா என்று அப்பத்தா கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. டீச்சரிடம் கேட்டேன். எல்லாக் கிருமியும் கெட்டது செய்யாதாம். ரத்தத்தில் பி வைட்டமின் குறைவு. அதனால் அந்த ஆட்டு ஈக்குள் வேறொரு பாக்டீரியா குடியிருந்து வைட்டமின் செய்து கொடுக்கிறதாம்!

கையால் நசுக்கும்போது உண்ணியின் உள்ளே இருப்பது நம் தோல் கீறல் வழியாக உள்ளே போகலாம் என்றும் டீச்சர் சொன்னார்கள். இப்போ மண்ணெண்ணெய் ஊற்றின டப்பாவில்தான் போடுகிறோம். அப்பத்தா மட்டும் இன்னும் சில சமயம் நகத்தை நீட்டுறாங்க. நான் டப்பாவைக் கிட்ட தள்ளி வைக்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு