பதக்கம் செதுக்கிய வயன்

பொருட்காட்சிப் பதக்கம் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு என்பது நம்ம செட் நண்பர்களுக்குத் தெரியும். அதற்குக் காரணமான மனிதர் வில்லியம் வயன்.

1795-இல் பர்மிங்காமில், அச்சு வெட்டும் குடும்பத்தில் பிறந்தார். 1828-இல் லண்டன் நாணயசாலையின் தலைமைச் செதுக்குநர். 1837-இல் ஒரு பதக்கத்துக்காக இவர் செதுக்கிய விக்டோரியா முகத்தை வைத்துத்தான் 1840-இல் உலகின் முதல் தபால்தலையே வந்தது. 1840 என்று போட்ட நம் நாட்டுக் கம்பெனி ரூபாய் சிலவற்றில், ராணியின் கழுத்தடியில் இவருடைய இரண்டு 'டபிள்யூ' இருக்கும். பார்க்க லென்ஸ் வேணும்!

1851 லண்டன் பொருட்காட்சியில் பரிசுப் பதக்கம் 2,900-க்கு மேல் கொடுத்தார்கள். தங்கமில்லை, வெண்கலம்தான். முன்பக்கம் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும். அது வயன் வேலை. பின்பக்கம் அவர் மகன் லியோனார்ட் சார்லஸ் வயன். விளிம்பில் பரிசு பெற்றவர் பெயர் இருக்கும். விலை பேசுகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள். நான் முன்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வயன் பெயரைத் தேடுவேன்.

அக்டோபர் 15-இல் பொருட்காட்சி மூடியது. அதே மாதம் 29-இல் பிரைட்டனில் வயன் இறந்துபோனார். மகனுக்கு 25 வயசுகூட ஆகவில்லை. நாணயசாலையில் அப்பா பார்த்த செதுக்கு வேலைக்கு அவரே வந்தார். 1860-இல் வந்த வெண்கலப் பென்னியில் விக்டோரியாவின் முகம் அந்தப் பிள்ளை செதுக்கியது.