தமிழில் மருத்துவ நூல் தந்த கிரீன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஒருவருக்கு எலும்பு முறிந்தாலும், ஒரு தாயின் பேறுகாலம் இடர்ப்பட்டாலும், அவ்வூர்ப் பரியாரியார் தம்மிடமிருந்த ஏட்டையும் கைப்பழக்கத்தையுமே நம்பியிருந்தார். மேலைநாட்டு மருத்துவம் அதுவரை கண்டறிந்தவை அச்சு நூல்களில் இருந்தன. ஆயினும் அவை ஆங்கிலத்தில் இருந்தமையால், பரியாரியாருக்கும் பயன்படவில்லை. பிணியாளரின் வீட்டாருக்கும் பயன்படவில்லை. அந்நூல்களைத் தமிழாக்குவதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கிரீன் பிறந்தார். நியூயார்க் நகரின் நடுப்பூங்கா உருவாகப் பெரிதும் உழைத்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய தமையனார். இளையவரோ 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்கச் சமயத் தொண்டுக் குழுவின் மருத்துவராக 1847இல் இலங்கைக்குக் கப்பலேறினார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர், மறு ஆண்டே மானிப்பாய்க்குச் சென்று மருத்துவமனையை நடத்தலானார். மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவமும் கற்பித்தார். தமிழையும் ஊன்றிக் கற்றார்.

அவர் தமிழாக்கத் தேர்ந்த முதல் நூலே அவருடைய நோக்கத்தைக் காட்டும். கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் உடலமைப்பு, உடலியக்கம், நலவாழ்வு ஆகியவை பற்றி எழுதிய அந்நூல், மருத்துவருக்கென்று எழுதப்பட்டதன்று. கல்விச்சாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. அது 1852இல் தமிழில் வெளிவந்தது. அடுத்து 1857இல் 'பிரசவ வைத்தியம்' வந்தது. வாந்திபேதி பரவிய காலங்களில், பொதுமக்கள் செய்ய வேண்டியவற்றை விளக்கும் சிறு வெளியீடுகளையும் அவர் தமிழில் எழுதி வழங்கினார். கற்றவர் ஒருவர் வாசிக்க, வீட்டார் கேட்டு நடக்கக்கூடிய நடை அவற்றுக்குத் தேவைப்பட்டது.

கிரீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதன் விளைவு அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர் பலர் அரசுப் பணியை நாடி நகரங்களுக்குச் சென்றனர். அவர்கள் பிறந்த ஊர்கள் முன்போலவே மருத்துவரின்றி இருந்தன. தமிழில் கற்றவர் தமிழூரிலேயே தங்கித் தொழில் செய்வர் என்று அவர் கருதினார். எனவே தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின், கற்பிக்கும் மொழியைத் தமிழாக மாற்றினார். இம்மாற்றம் எளிதன்று. ஆசிரியர் பேசினால் மட்டும் போதாது. மாணவர் புரட்டிப் பார்க்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும்.

சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அங்கும் பொருந்துவது இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து எழுதினார். அவருடைய நூற்பெயர்களிலேயே இதைக் காணலாம். புண்ணைக் குறிக்க நாட்டில் வழங்கிய இரணம் என்னும் சொல்லைக் கொண்டு அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் அமைந்தது. வேதியியல் நூலோ 'கெமிஸ்தம்' ஆயிற்று. இச்சொல் இன்றைய செவிக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வேதியியல் என்னும் சொல் வழக்கிற்கு வராத காலத்தில், ஆங்கிலப் பெயருக்குத் தமிழ் ஈறு கொடுத்து நிறுத்தியது துணிவான செயலே.

இப்பணியில் அவர் தனித்திருக்கவில்லை. அவரிடம் பயின்ற மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்களாயினர். அவர்கள் எழுதியதைக் கிரீன் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. நோய்களையும் அவற்றுக்குரிய சிகிச்சையையும் கூறும் 'வைத்தியாகரம்' 1872இல் வந்தது. இவ்விரண்டின் ஆங்கில மூலங்களும், மருத்துவர் எப்போதும் உடன்வைத்துக்கொள்ளும் கையேடுகளாக எழுதப்பட்டவை. உதவிக்கு மற்றொரு மருத்துவரை அழைக்க முடியாத ஊரில் தனியே தொழில் செய்தவருக்கு, ஐயம் எழுந்தபோது கேட்கத்தக்க துணை இத்தகைய நூல் ஒன்றே. அதே 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளியாயிற்று. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த ஹென்றி கிரேயின் புகழ்மிக்க உடற்கூற்று நூலே அது. பதினான்கு ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது.

சமயம் மாறியவர்கள் தம் உடையையும் உணவையும் மாற்ற வேண்டியதில்லை என்பதும் கிரீனின் உறுதியான கருத்து. மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததும் இம்மனப்பாங்கோடு ஒத்ததே.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிரீன் வூஸ்டருக்குத் திரும்பினார். அங்கிருந்தும் நூற்பணியைக் கைவிடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இலும், உடலியக்கத்தை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. அவருடைய முயற்சியால் தமிழில் வந்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள்.

இதற்கிடையில் 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. அரசு ஏற்பும் பதவியும் அவ்வழியே கிடைத்தமையால், மானிப்பாயின் தமிழ்வழிக் கல்வி நிலைபெறவில்லை. அவர் சென்றபின் அம்முயற்சியை அதே ஊக்கத்துடன் நடத்துவாரும் இல்லை. நூல்கள் மட்டும் எஞ்சின.

கிரீன் 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் வூஸ்டரில் மறைந்தார். தமக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டால், தமிழருக்கு மருத்துவத் தொண்டராக வாழ்ந்தவர் என்று அதில் பொறிக்க வேண்டும் என அவர் விரும்பியிருந்தார். மானிப்பாயில் அவர் பணியாற்றிய மருத்துவமனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.